இயல்பில் மூடியது

ருவைஸ் ஷட்டவுனுக்கு வந்திருந்தாள் தோருன்,
ட்ரொம்சோவிலிருந்து, நாற்பது நாள் ஒப்பந்தத்தில்.
கையுறையைக் கழற்றியபோது
மணிக்கட்டின் உள்பக்கம் பச்சை குத்தியிருந்தது:
இரண்டு முக்கோணங்கள், மூக்கோடு மூக்கு,
இரு ஓரத்திலும் நெட்டுக்குத்தாய் ஒரு கோடு.

கேட் வால்வு, என்றேன்.
ஃபிளாஞ்சோடு. எந்த லைன்?

பத்தொன்பது வருஷமாய் பைப்பிங் வரைபவன்.
கோயில் கோபுரமே எனக்கு
ரெட்யூசர் மாதிரிதான் தெரியும்.

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
வால்வு இல்லை, எழுத்து.
வடக்கே கல்லிலும் கட்டையிலும் வெட்டிய
பழைய ரூன் எழுத்துகளில் ஒன்று.
அதன் பேர் பகல்.
ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம்,
இரண்டும் முட்டிக்கொள்ளும் புள்ளிதான் விடியல் என்பார்கள்.
"என்பார்கள், அவ்வளவுதான்.
வெட்டினவன் சொல்லிவிட்டுப் போகவில்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்காக
அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் தாளை விரித்துக் காட்டினேன்.
உள்ளே வெள்ளையாய் விட்டால் திறந்த வால்வு.
மை நிரப்பினால், இயல்பில் மூடியது.
மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அப்படியானால் என்னுடையது?
திறந்ததுதான், என்றேன்,
இன்றைய தேதிக்கு.

பகல் என்ற சொல்லையும் பிரித்துப் போட்டேன்.
பகு என்றால் பிளப்பது.
நுகத்தடியின் நடு ஆணிக்கும்
பழைய தமிழில் பகல் என்றே பேர்:
இந்தப் பக்கம் ஒரு மாடு, அந்தப் பக்கம் ஒரு மாடு.
ஆங்கிலத்தில் எனக்கு வந்தது
'செண்டர் பின்' மட்டும்.
போதுமாய் இருந்தது.

மேஜைத் தூசியில் இன்னொன்றைக் கீறினாள்.
கடலுக்கு மேற்கே, அதற்குப் பந்தம் என்று பொருள்.
அவள் பக்கம், புண்.
நான் ஜன்னலைக் காட்டினேன்.
தூரத்தில் ஃபிளேர் எரிந்துகொண்டிருந்தது.
அந்த வெளிச்சத்தில், முழங்கையில் கட்டுத்துணியோடு
ரிக்கர் குல் ஜமான்
டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள், இரவு இரண்டு நாற்பதுக்கு
ஃபிளேரை அணைத்தார்கள்.
கேன்டீனுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
முதலில் தெரிந்தது, இரைச்சல் நின்றதுதான்.
அப்புறம், என் நிழல் இல்லை.
இந்த ஊரில் இறங்கிய நாள் முதல்
ராத்திரியிலும் விடாமல் கூட வந்தது,
சம்பளம் கேட்காத ஹெல்பர்.

இத்தனை நட்சத்திரமும் இங்கேயேவா இருந்தது
என்று யாரோ மலையாளத்தில் கேட்டார்கள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
தோருன் மட்டும் தன் ஊர்க் கணக்கைச் சொன்னாள்:
இரண்டு மாதம் சூரியன் எழாது,
இரண்டு மாதம் விழாது.
பெரிய வால்வு. மெதுவாய்த்தான் திரும்பும்.

ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தேன்.
நைட் ஷிப்ட்காரன் ஜன்னல்,
கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள்,
கடையில் சுருளாய் வாங்கி ஒட்டிய இருட்டு.
அதில் குண்டூசி முனையளவு ஓட்டை.
லீவு ராத்திரிகளில் அதன் வழியே
எதிர்ச் சுவரில் ஃபிளேர்
தலைகீழாய் எரியும்.

இன்று சுவரில் காலை.
தண்ணீர் லாரி ஒன்று
கூரையில் ஓடுவதுபோல் சக்கரம் மேலாய்ப் போனது.
கையால் காற்றில் வரைந்து பார்த்தேன்.
வெளியே விரிகிற முக்கோணம் வெள்ளை.
உள்ளே விரிகிறது மை.
ஓட்டையில், மூக்கோடு மூக்கு.

இதை அவளிடம் சொல்ல வேண்டும்.

அதற்குள் கண் எரிந்தது.
மாலை ஐந்துக்குப் பஸ்.
தூங்கியாக வேண்டும்.
கறுப்பு டேப் எடுத்து ஒட்டினேன்.
ஓரத்தை மட்டும்
கொஞ்சம் மடித்து விட்டிருக்கிறேன்,
உரிக்க வசதியாக.